மோட்டார் கொட்டகையில் இருமுபவர்

அன்புள்ள வாசகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் நாலு ஏக்கர் கரும்பு. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு (கட்டிங் ஆர்டர்) கிடைத்து, மேஸ்திரி திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு செட் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். பதினான்கு பேர், குழந்தைகள் தனி. பாதிப் பேர் உங்கள் மோட்டார் கொட்டகையில், மீதிப் பேர் அதை ஒட்டிக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில். அவர்களில் ஒருவர் இரவெல்லாம் இருமுகிறார். "டி.பி.யாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். மேஸ்திரியிடம் சொல்லி அந்த ஆளை மட்டும் ஊருக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். ஆனால் அரவைப் பருவம் வந்தால் இதே கேள்வி பல பேர் மனதில் எழுகிறது. பெரும்பாலானவர்கள் யாரிடமும் கேட்காமலேயே ஆளை அனுப்பிவிடுகிறார்கள். நீங்களாவது கேட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிறபடி எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பாதீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. அரசு காசநோய்த் திட்டத்தில் சிகிச்சை மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாத்திரையை நிறுத்திவிட்டவரைத் தேடிப் போய்க் கூட்டி வருவதுதான் என் வேலையில் பாதி. அந்தத் தேடலில் நான் அதிகம் தோற்றது உங்கள் கொட்டகையில் தங்கியிருப்பவர்களைப் போன்ற ஆட்களிடம்தான்.

அவருக்கு டி.பி. என்று இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கரும்பு வெட்டுகிறவர் இருமுவதில் அதிசயம் ஏதுமில்லை. கரும்பு இலையான சோகையின் சுணை, மண் தூசி, கொளுத்தி வெட்டும் வயலில் பறக்கும் கரி, விடியற்காலைப் பனி, பீடி என்று இருமலுக்குக் காரணம் ஏராளம். "இது வெட்டு இருமல் சார், சீசன் முடிஞ்சா தானா போயிடும்" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! பலருக்கு அப்படிப் போயும்விடும். நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. செட்டில் எல்லோரும் இருமும்போது ஒருவருடைய இருமல் மட்டும் வேறு வகை என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் மெல்லிய காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பில் நிற்காத லுங்கி. இவற்றில் ஒன்று இருந்தாலும் சளியைச் சோதித்துவிட வேண்டும். இரண்டு வாரம் என்ற அந்தக் கணக்கைக்கூட யாரும் வைத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் இரண்டு வாரத்தில் அவர்கள் இரண்டு ஊர் மாறியிருப்பார்கள்.

இப்போது உங்கள் பேரன். பயம் நியாயமானது, ஆனால் திசை மாறியிருக்கிறது. இந்தக் கிருமி தட்டிலோ டம்ளரிலோ ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகள் மூடிய இடத்தில் மணிக்கணக்கில் மிதக்கும். திறந்த வெளியில், வெயிலில், காற்றில் அவை சிதறிப்போகும். பகலெல்லாம் வயலில் நிற்கிறவரால் வீட்டுத் திண்ணையில் விளையாடும் உங்கள் பேரனுக்கு வரும் ஆபத்து மிகக் குறைவு. மோட்டார் கொட்டகை எவ்வளவு பெரிது? பத்துக்குப் பத்து இருக்குமா? ஜன்னல் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. பனிக்கும் கொசுவுக்கும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் படுக்கிறார்கள். அந்தக் கதவுக்குள் தூங்கும் குழந்தைகளுக்குத்தான் பயப்பட வேண்டும்.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றைக்காவது நோயாக வெடிக்கும். மற்றவர்களிடம் அது உறங்கும். சாப்பாடு குறைந்தால், சர்க்கரை நோய் வந்தால், எச்.ஐ.வி. சேர்ந்தால், குடி முற்றினால் விழித்துக்கொள்ளும். உங்கள் கொட்டகையில் இருப்பவர் எந்த வயதில், எந்த ஊரில், யாரிடமிருந்து வாங்கினார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவர்களிடம் நான் எப்படித் தோற்றேன் என்பதற்கு ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது தினசரி மாத்திரைதான். 2017க்குப் பிறகு நாடு முழுக்க அப்படி ஆகிவிட்டது. அதற்கு முன்பு வாரத்தில் மூன்று நாள் மருந்து. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு அட்டைப் பெட்டி வரும். முழுச் சிகிச்சைக்கான மருந்தும் அதற்குள் இருக்கும். மேலே அவர் பெயரை எழுதிவிடுவோம். மருந்து தீர்ந்துவிட்டது என்று யாரையும் பாதியில் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. முதல் முறை நோய் கண்டவருக்குச் சிவப்புப் பெட்டி. விட்டுவிட்டுத் திரும்பி வந்தவருக்கு நீலப் பெட்டி. நீலம் என்றால் எட்டு மாதம், கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இருபத்து நான்கு.

அப்படிச் சிவப்புப் பெட்டி தொடங்கிய ஒருவர் கரும்பு வெட்டு ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் மனைவியுமாகத்தான் வெட்டுக்குப் போவார்கள். அவர் வெட்ட, அந்த அம்மா சோகை கழித்துக் கட்டுக் கட்டும். ஐப்பசியில் மருந்து ஆரம்பித்தோம். மார்கழியில் போனபோது வீட்டில் கிழவி மட்டும் இருந்தார். "மேஸ்திரி வந்தாருப்பா, லாரியில ஏறிட்டாங்க. முன்பணம் வாங்கியாச்சு, என்ன பண்ணச் சொல்ற?" எந்த ஊர் என்று கிழவிக்குத் தெரியவில்லை. "ஏதோ பாலம் தாண்டி" என்றார். மேஸ்திரியின் கைப்பேசி அணைந்திருந்தது. பெட்டியோ மருந்து கொடுக்கும் மையத்தின் அலமாரியில், அவர் பெயரோடு, பாதி நிரம்பி உட்கார்ந்திருந்தது. சித்திரை வரை ஒவ்வொரு முறை அலமாரியைத் திறக்கும்போதும் அந்தப் பெயரைப் பார்ப்பேன்.

அவர் வந்து சேர்ந்தபோது நாற்பது கிலோ. ஏன் நிறுத்தினாய் என்று நான் கோபமாகத்தான் கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெரிய காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கத்தியைப் பிடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது. வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்தால் செட்டில் மற்றவர்கள் முறைப்பார்கள், ஏனென்றால் கூலி டன் கணக்கில், எல்லோருக்கும் சேர்த்து. கையில் கொண்டுபோன இரண்டு வார மாத்திரையை அப்படியும் விடாமல் போட்டிருக்கிறார். அது தீர்ந்த பிறகு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போயிருக்கிறார். "உன் பேரு இங்க இல்ல, உங்க ஊருல போயி வாங்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் அவருக்கு நீலப் பெட்டியைத் திறந்தேன். ஊசி முடியும் வரையாவது இங்கேயே இரு என்று கெஞ்சினேன். இருந்தார். அந்த ஆண்டு முன்பணக் கடனை அவருடைய தம்பி வெட்டித் தீர்த்தார்.

இதை எழுதும்போது சென்னை சேத்துப்பட்டு நினைவுக்கு வருகிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. தலைமை வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். அதுவரை டி.பி. என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, படுக்கை ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் பிரிவு. தாம்பரத்தில் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை இன்றும் ஒரு ரயில் நிலையம் சுமக்கிறது. இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. ஃபாக்ஸ் குழுவினர் நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழப் பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலுமாக, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1959இல் வெளிவந்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. குடிசையில் இருந்துகொண்டு, அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு இந்த அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை, காரணம் தொற்ற வேண்டியது மருந்து தொடங்கும் முன்பே தொற்றிவிட்டிருந்தது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாக இறங்கிவிடும்.

உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வைத்த ஆய்வு அது. மெட்ராஸ் ஆய்வு என்றே அதற்குப் பெயர். நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஆய்வு ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது. நோயாளிக்கு வீடு என்று ஒன்று இருக்கும், ஆறு மாதமோ ஓராண்டோ அது ஒரே தெருவில் இருக்கும், ஊழியர் போய்த் தட்டினால் கதவு திறக்கும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கண்டுபிடித்ததும் அதே மையம்தான். திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே விழுங்கச் சொல்லும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. அதுவும் தெரு தெரிந்த ஆளுக்கான முறை. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு லாரியில் ஏறுகிறவரிடம் நாங்கள் கொண்டுபோன எல்லாமே ஒரு முகவரியை எதிர்பார்த்து நின்றன.

சட்டத்தின் கண்ணும் அப்படித்தான். வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு என்று 1979இல் வந்த சட்டம் தங்குமிடம், மருத்துவம் எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்றது. திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வருகிறவர் அதில் அடங்கவில்லை. மாநில எல்லையைத் தாண்டவில்லையே!

இதையொட்டி இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. காவிரி டெல்டாவில் நாற்று நட மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, "நோயை இவங்கதான் கொண்டுவராங்க" என்கிறார்கள். இதே பேச்சு அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே வட கரோலினாவில் புகையிலையும் காய்கறியும் பறிக்க வரும் கூலிகளை 1980களின் இறுதியில் சோதித்துப் பார்த்து, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். தோல் சோதனையில் கிருமித் தொற்று தெரிந்தவர்கள், மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்த ஸ்பானிய மொழிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினக் கூலிகளில் பாதிக்கு மேல்! நோயாக முற்றியவர்களும் இவர்களிடம்தான் அதிகம். அவர்கள் எந்த எல்லையையும் தாண்டி வந்தவர்கள் அல்லர். முகாமிலிருந்து முகாமுக்குப் பண்ணை வேலைக்குப் போனவர்கள். 1992இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் இவர்களுக்கென்று தனிப் பரிந்துரையே வெளியிட்டது. பிறகு, ஆள் எந்த மாநிலத்துக்கு, எந்த நாட்டுக்குப் போனாலும் அவருடைய எக்ஸ்ரேயும் மருந்துச் சீட்டும் பின்னாலேயே போய்ச் சேரும்படி தொலைபேசியில் தொடரும் ஏற்பாடுகள் அங்கே வந்தன.

நம்மிடம் இப்போது நிக்ஷய் என்ற கணினிப் பதிவு இருக்கிறது. என் சிவப்புப் பெட்டிக் காலத்தில் இது இருந்திருந்தால் அந்த மனிதரை யாரும் திருப்பி அனுப்பியிருக்க முடியாது. ஒருமுறை எண் போட்டுவிட்டால் இந்தியாவில் எந்த அரசு மையத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். மருந்து இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாயாக 2018இல் தொடங்கியதை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். கணினியில் மாற்றுவது ஒரு நிமிட வேலை. எந்த ஊருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் யாராவது வேண்டும். மேஸ்திரிக்குத் தெரியும், உங்களுக்கும் கேட்டால் தெரியும். ஊழியருக்குத் தெரியாது. அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் வயலை விட்டு இன்றிரவு அவர் போனால் நாளை இன்னொரு வயலின் மோட்டார் கொட்டகையில் படுப்பார், அங்கேயும் கதவைச் சாத்துவார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்ராஸ் ஆய்வு, மருந்து சரியாக இருந்தால் விசேஷச் சாப்பாடு இல்லாமலும் குணமாகும் என்றது. அதை நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டோம் என்று இப்போது தோன்றுகிறது. பல வருடம் நோயாளியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே மறந்தோம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் சகாக்களோடு நடத்திய ஆய்வு அந்த மறதியை உலுக்கிவிட்டது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பொருள். ஒரு பிரிவில் வீட்டாருக்கும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாக நோய் வந்தவர்கள் 39% குறைந்தார்கள். நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5% கூடியவர்களிடம் இறப்பு 61% குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும்! கரும்பு வெட்டுகிற உடம்பு ஒரு நாளில் எரிப்பது எவ்வளவு, அந்தத் தார்ப்பாய்க்குள் வேகும் சோறு எவ்வளவு என்று நீங்களே பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. நோய் என்று தெரிந்த உடனே எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, மூச்சு வேகம், கால் வீக்கம் பார்க்கிறார்கள். துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். முடியாதவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாத சோதனை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கொட்டகைக் கதவை இன்றிரவே திறந்து வைக்கச் சொல்லுங்கள். கொசுவுக்கு வலை வாங்கிக் கொடுங்கள். இருமுபவர் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமாகப் படுக்கட்டும், ஆனால் அவரைத் தனியாக ஒதுக்கிவைத்தது போல வேண்டாம், செட்டே அவரை விட்டு விலகிவிடும். நாளைக் காலை உங்கள் வண்டியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் கூட நின்றால் அவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். இது வருத்தமான விஷயம்தான், ஆனால் உண்மை. சளிக்கு டப்பா கொடுப்பார்கள். எச்சிலைத் துப்பினால் பயனில்லை, ஆழமாக இருமி வரும் சளிதான் வேண்டும். ட்ரூநாட் கருவி இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா இரண்டுமே தெரிந்துவிடும். இல்லையென்றால் மாதிரியை அனுப்பி வைப்பார்கள்.

இருக்கிறது என்று வந்தால், பதற வேண்டாம். அவரோடு ஒரே கூரையின் கீழ் தூங்கும் எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளையும், சோதிக்கச் சொல்லுங்கள். நோய் இல்லாத குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. ஊழியரிடம் மூன்று விவரம் எழுதிக் கொடுங்கள். உங்கள் வயலில் இன்னும் எத்தனை நாள், அடுத்த வெட்டு எந்த ஊரில், சொந்த ஊர் எது. மேஸ்திரியின் எண்ணையும் சேர்த்து. அந்தச் சீட்டைப் பெறுவதற்காக நான் இருபது வருடம் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன்.

முதல் மாத்திரை போட்ட அன்றைக்கே சிறுநீர் சிவந்து போகும். "ரத்தம் போகுது" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ரிஃபாம்பிசினின் நிறம் அது. காலையில் கத்தி பிடிக்கும் முன்பு உங்கள் வீட்டிலிருந்து ஏதாவது சாப்பிடக் கொடுக்க முடியுமானால் கொடுங்கள். குமட்டல் நிற்கவில்லை என்றால் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று ஊழியரிடம் கேளுங்கள். மேஸ்திரி ஆளை மாற்றுகிறேன் என்பார். இரண்டு வாரம் லேசான வேலை கொடு, கட்டுக் கட்டட்டும், லாரிக்குக் கணக்குப் பார்க்கட்டும் என்று நீங்கள் சொன்னால் கேட்பார். கரும்பு உங்களுடையது.

மாத்திரையின் எண்ணிக்கையை எடை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. உங்கள் கரும்பு ஆலை எடைமேடையில் ஏறும், கிலோ பிசகாமல் சீட்டு வரும். நாளை அவரைச் சுகாதார நிலையத்து எடைக் கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எத்தனை கிலோ என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு சிகிச்சை மேற்பார்வையாளன்